நாலடித் தொட்டிக்கு ஒரு பர்மிட்

போன புதன்கிழமை மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வார்டு ஆபீஸ் கிளார்க் ஊ சான் எதிரே வந்து நின்றார். "வீட்டுக்காரர் உடம்புக்கு ஒண்ணுமில்லையே? ஆபீஸ் பக்கமே காணோமே" என்று பர்மியில் விசாரித்தார்.

குரலில் நிஜமான கவலை. இருக்காதா பின்னே? ஒரு மனிதர் மாதக்கணக்கில் எதிரே வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒரு பர்மிட் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று வராமல் போனால் யாருக்கும் கவலை வரும்தான்.

இந்த யாங்கோனில் பர்மிட் என்றதும் பின்வாசல் வழியாக ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பர்மிட்டைத் துரத்திக்கொண்டு ஓடியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். அவருக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன்.

என் கணவர் சலீமுக்கு லான்மடாவில் பம்பு, பைப்பு சாமான் கடை. குடியிருப்பது மிங்கலாடோனில். வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காலி மனை உண்டு. இந்த வருஷத்து வெயில் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் வேறு வருவதும் போவதுமாக... ஒரு சாயங்காலம் மனிதர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். பிரித்தால் இரும்புக் குழாய்கள், நீல நிற ஷீட், ஒரு ஏணி. தரைக்கு மேலேயே நிற்கிற நீச்சல் தொட்டி. குழி தோண்ட வேண்டாம், சிமென்ட் வேண்டாம். குழாய்களை மாட்டி, ஷீட்டைத் தொங்கவிட்டு, தண்ணீரை நிரப்பினால் முடிந்தது.

"யாருக்குங்க இது?" என்றேன்.

"எல்லாருக்கும்தான்" என்றார். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் அவருக்கு என்று அர்த்தம்.

கரண்ட் இருந்த நேரமெல்லாம் போர் மோட்டாரைப் போட்டு நிரப்பினோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். விளிம்பு என் நெஞ்சு உயரத்துக்கு நின்றது. நாலடி. மனிதர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

வந்தது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மதியம் என்றால் எங்கள் வீட்டில் பாத்திமா உண்டு. சலீமின் ஒரே தங்கை. அலோனில் இருக்கிறாள். பல வருஷம் டாக்டர், ஆஸ்பத்திரி என்று அலைந்து, எல்லோரும் கையை விரித்த பிறகு பிறந்த பெண், யாஸ்மின். இப்போதுதான் இரண்டரை வயது. பாத்திமா அந்தக் குழந்தையைத் தரையில் விடவே யோசிப்பாள். சலீமோ அந்தக் குழந்தைக்காகவே ஞாயிற்றுக்கிழமையைக் கும்பிடாத குறையாகக் காத்திருப்பார். மாமா என்று சரியாகச் சொல்ல வராது, 'ம்மாம்மா' என்பாள். அதற்கே கடைக்காரர் உருகிவிடுவார்.

அன்று பாத்திமா வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். யாஸ்மினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"காக்கா, இது என்ன?" என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

"பயப்படாதம்மா. நாலடி உசரம். புள்ள எட்டிக்கூடப் பார்க்க முடியாது."

"ஏணி இருக்குல்ல?"

"இருக்கு."

"ஏணி இருந்தா அது எத்தனை அடி, காக்கா?"

சலீம் ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளுக்குள் கொஞ்சம் ரசித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சாப்பிட உட்காரவில்லை. "சுத்தி வேலி போடுங்க. இப்படி வீட்டுல வைக்கலாம்னு ஆபீஸ்ல எழுதி வாங்குங்க. அது வரைக்கும் நானும் புள்ளையும் இந்த வாசலுக்கு வர மாட்டோம். கோவிச்சுக்காதீங்க மதினி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வந்த டாக்சியிலேயே திரும்பிவிட்டாள். டம்பௌ பிரியாணி அப்படியே இருந்தது. இரண்டு நாள் நாங்களே சாப்பிட்டோம்.

தொட்டியைப் பிரித்துப் பெட்டியில் போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். "பிரிச்சுட்டா அவ சொன்னதுக்கு பயந்த மாதிரி ஆயிரும். செஞ்சு காட்டணும்" என்றார். ஆண்பிள்ளை ரோஷம்... என்ன செய்வது?

திங்கட்கிழமையே வார்டு ஆபீஸ். ஊ சான் பொறுமையாகக் கேட்டாராம். குழி தோண்டினீர்களா? இல்லை. சுவர் எழுப்பினீர்களா? இல்லை. கூரை உண்டா? கூரை எதற்கு, நீச்சல் தொட்டிக்கு? அப்படியானால் இது கட்டடம் இல்லை, குளமும் இல்லை. எடுத்துப் போகக்கூடிய ஒரு பெரிய பாத்திரம். பாத்திரத்துக்கு யாராவது பர்மிட் கொடுப்பார்களா?

"ஒரு லாரித் தண்ணி பிடிக்கிற பாத்திரம் ஐயா" என்றாராம் இவர்.

முனிசிபல் ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இன்னொரு அறைக்குப் போகச் சொன்னார்கள். அந்த அறையில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உங்க மேல யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?" என்றாராம். "என் தங்கச்சி" என்றாராம் இவர். உங்கள் ஊரில், உங்கள் வார்டில் விதி வேறாக இருக்கலாம். வாங்குகிறவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவர்கள் சொன்னது, இதற்கெல்லாம் பர்மிட் கிடையாது என்பதுதான்.

கடைசியில் ஊ சானே ஒருநாள் நேரில் வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவரிடம் இதற்கு இருந்த ஒரே விதி கொசு. புழு வைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, இல்லை என்றதும் முகம் மலர்ந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

சலீம் விடவில்லை. "அவங்க விதி கொடுக்கலைன்னா நானே போட்டுக்கிறேன்" என்றார்.

தொட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருந்தது. பல பாஷைகள். அதில் தமிழும் இல்லை, பர்மியும் இல்லை. இங்கிலீஷ் பக்கத்தை வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டின்போது எனக்குப் பாடம் நடந்தது. வேலி நாலடிக்குக் குறையக் கூடாது. சட்டங்கள் நெட்டுக்குத்தலாக இருக்க வேண்டும், குறுக்கே இருந்தால் பிள்ளைகள் படியாக்கி ஏறிவிடும். இடைவெளி நாலு அங்குலத்துக்குள். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், தானாகத் தாழ் விழ வேண்டும், தாழ் உயரத்தில் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் – அப்போதுதான் பிள்ளை தள்ளினால் திறக்காது. குளிக்காத நேரத்தில் ஏணியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும்.

மர ரீப்பர் வாங்கிவந்து தானே அடித்தார். கடைக்குப் போகாத நேரமெல்லாம் சுத்தியல் சத்தம். இடைவெளியை அளக்க டேப் வைத்திருந்தார், ஆனால் அவர் நம்பியது பால் டின்னைத்தான். ஆமாம், நாம் அரிசி அளக்கிற அதே டின். கையில் பிடித்துக்கொண்டு வேலி முழுக்க ஒவ்வொரு சந்திலும் நுழைத்துப் பார்ப்பார். டின் நுழைந்தால் அந்த ரீப்பரைப் பிடுங்கி மறுபடி அடிப்பார். எனக்கு உலை வைக்க டின் கிடைக்காது.

கதவுக்குக் கடையிலிருந்தே ஸ்பிரிங் கீல் கொண்டுவந்து மாட்டினார். திறந்து விட்டால் கதவு தானாக வந்து 'டக்' என்று மூடும். அந்த டக் சத்தத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு அம்மா டோ கின் (ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ, இந்த ஊர் மரியாதை) பாவம், ஒரே நாளில் நாலு தடவை கேட்டு, நாலு தடவையும் "ரொம்ப நல்லாருக்கு" என்றார்.

பாத்திமா தனியாக வந்தாள், பரிசோதனைக்கு. பிள்ளையைக் கொண்டுவரவில்லை. வேலியை ஆட்டினாள். காலை வைத்து ஏறப் பார்த்தாள். கதவைத் தோளால் தள்ளினாள். திறந்துவிட்டுக் கையை எடுத்தாள். டக். மறுபடி. டக். காக்கா பக்கத்தில் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நின்றார்.

"அந்த பர்மிட்?"

"கொடுக்க மாட்டேங்கறாங்கம்மா. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். "சரி காக்கா. ஞாயித்துக்கிழமை வர்றோம்."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவையே அழைத்தார். ஊ சானை அழைத்தார். பந்தலும் டம்பௌவுக்குப் பெரிய சட்டியும் வாடகைக்கு வந்தன. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி அலங்காரமாக, வேலிக்குள்ளே தொட்டியைச் சுற்றிப் பச்சை பிளாஸ்டிக் பாய் விரித்தார். சேறு ஒட்டக் கூடாதாம். பார்க்க மசூதி மாதிரி சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் அந்தப் பாயைப் பார்த்தார்கள். நம் ஆட்கள் சுத்தமான பாயைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? அதேதான் செய்தார்கள். கதவருகிலேயே செருப்பைக் கழற்றினார்கள். பிள்ளைகள் கழற்றினார்கள், டோ கின் கழற்றினார், ஊ சான் தன் புதுச் செருப்பைக் கழற்றினார். ஒருவர்கூடச் செருப்புக் காலோடு உள்ளே போகவில்லை. என்ன மரியாதையான ஜனங்கள் என்று நான்கூட நினைத்தேன்.

பிள்ளைகள் ஒரு பாட்டம் ஆடி முடித்தார்கள். சலீம் பக்கத்திலேயே நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டார். சாப்பாடு தயார் என்றதும் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். ஏணியை எடுக்க அவர் குனிந்த நேரம், சட்டியை இறக்க ஆள் இல்லாமல் நான்தான் கூப்பிட்டேன். "ஏங்க, ஒரு கை கொடுங்க." கதவு இருக்கிறதே என்ற தைரியத்தில் ஏணியை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தோம். பாத்திமா என் பக்கத்தில். யாஸ்மின் அவள் பக்கத்தில், வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு. பாத்திமா தண்ணீர் ஜக்கை எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தால் வெள்ளரிக்காய் இருந்தது, பிள்ளை இல்லை.

அவள் எழுந்து நேராக ஓடினாள். எனக்கு அவள் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரிந்தது. வேலிக் கதவு ஒரு சாண் திறந்து நின்றது. யாஸ்மின் ஏணியின் உச்சியில் இருந்தாள். ஒரு கை விளிம்பில், இன்னொரு கை தண்ணீரில். பாத்திமா இடுப்போடு சேர்த்துப் பிடுங்கி எடுத்தாள். தண்ணீரை விட்டுப் பிரித்த கோபத்தில் பிள்ளை வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கதவு ஏன் மூடவில்லை? செருப்பு. கழற்றிப் போட்ட செருப்பெல்லாம் பிள்ளைகள் ஓடிவந்த வேகத்தில் உதைபட்டு, நிலைக்குக் குறுக்கே குவிந்து கிடந்தது. கதவு தானாக வந்து, செருப்புக் குவியலில் முட்டி, மரியாதையாக நின்றுவிட்டது. அன்று மதியம் முழுக்க அந்த டக் சத்தம் கேட்கவே இல்லை என்று பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தப் புத்தகத்தை எழுதியவர் செருப்போடு வீட்டுக்குள் போகிற ஊர்க்காரராக இருக்க வேண்டும். நம்மை அவருக்குத் தெரியாது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பர்மியில் ஆனாடே என்று ஒரு சொல் உண்டு. அடுத்தவர் மனம் கோணிவிடுமே என்று நாம் கூசுவது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது ரத்தத்தில் இருக்கும், தமிழராக இருந்தாலும் சரி. விருந்துக்குக் கூப்பிட்டவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். "யபாடே, யபாடே." பரவாயில்லை, பரவாயில்லை. ஒன்றும் ஆகவில்லையே. வாங்க, சாப்பாடு ஆறுது.

சலீம் நினைத்திருந்தால் அந்த யபாடேக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். அல்லது, "யார் இங்கே செருப்பைப் போட்டது?" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ரெண்டில் ஒன்று நடக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பர்மியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. என் கதவு மூடலை. கட்டினவன் நான். இன்னைக்கு இனிமேல் யாரும் தொட்டிக்குப் போக வேண்டாம், மன்னிச்சுக்குங்க."

போய் ஏணியைக் கழற்றி எடுத்து வீட்டுக்குள் வைத்தார். திரும்பி வந்து கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். செருப்புகளை ஜோடி ஜோடியாகக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் படியோரம் வரிசையாக வைத்தார். மறுபடி வந்தார். மறுபடி எடுத்தார்.

அடுத்தவர் செருப்பைக் கையால் தொடுவது என்ன விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். லான்மடாவில் கல்லாவில் உட்கார்ந்து நாலு பேரை வேலை வாங்குகிறவர், வீட்டுக்கு வந்த விருந்தாளியின் செருப்பைத் தூக்குகிறார். அதில் டோ கின்னின் பேரன்களுடைய சேற்றுச் செருப்பும் உண்டு. டோ கின் பதறிப்போய், "ஊ சலீம், வேண்டாம், வேண்டாம், பாவம் எனக்கு" என்று எழுந்தே விட்டார். இவர் நிறுத்தவில்லை. செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. சொன்னால் வந்தவர்கள் மேல் பழி போட்டது மாதிரி ஆகிவிடும் அல்லவா?

முதலில் இறங்கியது ஊ சான். லுங்கியை மடித்துக்கொண்டு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் செருப்போடு இன்னொருவர் செருப்பையும் எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நெஞ்சு முட்டப் பெருமையாக இருந்தது. இந்த மனிதரை நான் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன், நாளைக்கும் செய்வேன். ஆனால் அன்று, "அவர் என் வீட்டுக்காரர்" என்று தெரிந்தவர்களிடமே மறுபடி சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பாத்திமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை இறுக்கி அணைத்தபடி நின்றாள். கிளம்பிவிடுவாள், இனி வரவே மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தடுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? சலீமும் தடுக்கவில்லை. கடைசியாகக் கிடந்த வெல்வெட் செருப்பு ஒரு ஜோடியை எடுத்தார். அதன் மேல் பூனை முகம் போட்ட குட்டிச் செருப்பு ஒரு ஜோடி.

"அது எங்களோடது காக்கா. கீழ வைங்க" என்றாள் பாத்திமா.

அவர் வைக்கவில்லை. படிக்கு நடந்தார்.

"நானும் அங்கதானே கழட்டிப் போட்டேன். கதவை அத்தனை தடவை ஆட்டிப் பார்த்தவளுக்கு இது தோணலையே. உங்களை மட்டும் என்ன சொல்றது?"

"கதவு என்னோடதும்மா" என்றார்.

அவள் பையை இறக்கி நாற்காலியில் வைத்தாள். பந்தலுக்கு வந்து உட்கார்ந்தாள். "சோறு ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரவா?" என்றேன். "வேணாம் மதினி, இப்படியே போடுங்க" என்றாள். யாஸ்மின் அவள் மடியை விட்டு அன்று இறங்கவில்லை. அவள் இறக்கவும் இல்லை.

மறுநாள் சலீம் வேலியைத் தொடவில்லை. பாயைத்தான் தொட்டார். கடையிலிருந்து இன்னும் ஒரு சுருள் பாய் வந்தது. வேலிக் கதவில் தொடங்கி வீட்டுப் படி வரைக்கும் நீளமாக விரித்தார். பாய் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேதானே நம் ஆட்கள் செருப்பைக் கழற்றுவார்கள்? இப்போது எல்லாச் செருப்பும் வீட்டுப் படியோரம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றைச் செருப்புகூடக் கிடையாது. மனிதர்களை மாற்றுவதைவிடப் பாயை நீட்டுவது சுலபம் என்று கண்டுகொண்டேன். ஏணியும் இப்போது எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. சட்டி இறக்குவதற்கெல்லாம் நான் அவரைக் கூப்பிடுவதில்லை.

ஊ சான் இப்போது யாராவது இப்படித் தொட்டி வாங்கப்போகிறேன் என்று ஆபீசுக்கு வந்தால், "ஊ சலீம் வீட்டைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவைக்கிறார். வந்தவர்களுக்கு இவர் வேலியைக் காட்டுகிறார், பால் டின்னைக் கொடுக்கிறார், அன்று நடந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறார். நான் டீ போட்டே ஓய்ந்துபோகிறேன். அதுவும் ஒரு பெருமைதான், இல்லையா?

பாத்திமா அதற்கடுத்த ஞாயிறு வருவாளா என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. போன் பண்ணிக் கேட்க இருவருக்குமே தைரியம் இல்லை. அந்த ஞாயிறு காலையிலிருந்து சலீம் கடைக் கணக்குப் பார்க்கிற பாவனையில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்சி வந்தது. இறங்கினாள். நேராகக் கதவுக்குப் போனாள், திறந்து விட்டாள், சத்தத்தைக் கேட்டாள். சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, யாஸ்மினைத் தூக்கிக் காக்கா கையில் கொடுத்துவிட்டு, "மதினி, தலை வலிக்குது, சித்த நேரம் படுத்துக்கறேன்" என்று என் கட்டிலில் போய்ச் சாய்ந்தாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து பகலில் கண்மூடாதவள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம்.

வெயில் தாழ்ந்ததும் எழுப்பப் போனேன். "இன்னும் கொஞ்ச நேரம் மதினி" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதைவிடப் பெரிய பர்மிட்டை எந்த ஆபீஸில் கொடுக்கிறார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்?